சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டால் அங்குள்ள எரிமலைகளும் வெடிக்குமா? நிலம் உப்புவதைக் கொண்டு வெடிப்பை முன்கூட்டியே அறிய முடியுமா?

பினாங்கில் பதினாறாவது மாடியில் குடியிருக்கும் எனக்கு இது புதிய கேள்வி அன்று. 2012 ஏப்ரல் 11 அன்று மாலை நாலரை மணியைத் தாண்டிய வேளையில், சுமத்ராவின் வடமுனையான ஆச்சேவுக்கு அப்பாலுள்ள கடலில் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது எங்கள் கூடத்து விளக்கு ஊஞ்சல்போல் ஆடியது. படியிறங்கி வந்து கீழே கூடி நின்றவர்களில் பக்கத்து வீட்டு அக்கா, "இனி சினாபுங்கும் வெடிச்சிடுமா, தம்பி?" என்று கேட்டார். சுமார் 400 ஆண்டுகள் உறங்கிய அந்த வட சுமத்ரா எரிமலை 2010 ஆகஸ்டில்தான் விழித்திருந்ததால், அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது.

சுமத்ராவின் அடியில் இந்தியப் பெருங்கடலின் புவித்தட்டு சரிந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. தட்டுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, பின்னர் திடீரென விடுபடும்போது பெரும் நிலநடுக்கம் உண்டாகிறது. இறங்கும் தட்டு ஆழத்தில் வெளியேற்றும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பாறைக்குழம்பு உருவாகிறது. எனவே இவை இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே தவிர, ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுப்பதில்லை.

ஆயினும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சிலியில் 1960 மே 22 அன்று 9.5 அளவில் நிலம் அதிர்ந்து 38 மணி நேரத்தில் கோர்டோன் கவுலே எரிமலை வெடித்தது. ஜப்பானில் 1707ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்துக்கு 49 நாட்களுக்குப் பின் ஃபூஜி வெடித்தது. ரம்புத்தான் மரத்தை உலுக்கினால் பழுத்தது விழும், பிஞ்சு விழாது. அதுபோல, உள்ளே அழுத்தம் ஏற்கெனவே முற்றியிருந்த மலைகளையே தொலைதூர அதிர்வு தூண்டுகிறது என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

எரிமலையின் நிலையை உண்மையில் காட்டிக்கொடுப்பவை, அதன் அடியிலேயே நிகழும் சின்னஞ்சிறு அதிர்வுகள். பாறைக்குழம்பு மேலேறும்போது சுற்றியுள்ள பாறை விரிசல் விடுவதால் வெடுக்கென்ற அதிர்வுகள் பதிவாகின்றன. குழம்பும் வாயுவும் விரிசல்களின் ஊடே நகரும்போது, உலைப்பானையின் மூடி தடதடப்பதைப்போல மெதுவான, நீண்ட அதிர்வுகள் எழுகின்றன. கூடவே நிலமும் உப்புகிறது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தினால் உண்டாகும் சாய்வைக்கூட உணரும் கருவிகளாலும், ஜிபிஎஸ் நிலையங்களாலும், செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒப்பிடுவதாலும் அந்த உப்பலை அளக்கிறார்கள்.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில் 1980 மார்ச்சில் 4.2 அளவிலான அதிர்வுடன் தொடங்கிய கொந்தளிப்பில், வடக்குச் சரிவு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு வந்தது. மே 18 அன்று 5.1 அளவிலான அதிர்வு ஏற்பட்டபோது புடைத்திருந்த சரிவு மொத்தமாகச் சரிந்து விழ, உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் பக்கவாட்டில் பீறிட்டு வெடித்ததில் 57 பேர் மாண்டனர். புடைப்பின் வேகம் அதற்கு முந்தைய நாட்களில் குறிப்பிடும்படி கூடவோ குறையவோ இல்லை என்பதுதான் என்னை இன்றும் திகைக்க வைக்கிறது.

உப்பிய நிலமெல்லாம் வெடித்துவிடுவதும் இல்லை. இத்தாலியின் பொஸ்ஸுவோலி நகரம் 1982 முதல் 1984 வரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. ஆயிரக்கணக்கான அதிர்வுகள் உலுக்கியதால் ஏறத்தாழ 40,000 பேர் இடம்பெயர்ந்தனர். வெடிப்பு மட்டும் நிகழவில்லை, பிறகு நிலம் மெல்லத் தாழ்ந்தது. பாப்புவா நியூ கினியின் ரபாவுலிலும் 1983 முதல் 1985 வரை இதே போன்ற பதற்றம் எழுந்து அடங்கியது. ஆனால் 1994 செப்டம்பரில் தீவிர அதிர்வுகள் தொடங்கிச் சுமார் 27 மணி நேரத்திலேயே எரிமலை வெடித்துவிட்டது. ஆகவே அதிர்வு, உப்பல், வெளியேறும் வாயுவின் அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கிடைப்பது நிகழக்கூடிய வாய்ப்பின் மதிப்பீடுதான், தேதி அன்று.

சினாபுங் மீண்டும் வெடித்தது 2013 செப்டம்பரில். "அன்னைக்கே கேட்டேனா இல்லையா?" என்று அக்கா வெற்றிக்களிப்புடன் செய்தி அனுப்பினார். பதினேழு மாத இடைவெளியை வைத்துக்கொண்டு இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் துணிவில்லை என்றும், அந்த மலையைப் பற்றிச் சொல்லக்கூடிய அதிர்வுகள் நம் மாடி விளக்கை ஆட்டாத அளவுக்குச் சிறியவை என்றும் பதில் எழுதினேன்.