அப்பா போட்ட மனு, பிள்ளைக்கு நேர்காணல்: கேள்வி பதில்

அமெரிக்காவில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ பிள்ளை அங்கே வந்து குடியேறுவதற்கான ஐ-130 மனு போட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குத் தேதி கிடைத்துவிட்டது. 21 வயது தாண்டிய பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தருகிறேன். நானும் இதே வழியில் போனவள்தான். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று பலருடைய ஃபைலை உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சிக்கலான கேஸ் என்றால் இமிக்ரேஷன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

மதுரையிலிருந்து: அப்பா கிரீன் கார்டில் இருக்கிறார். எனக்கு வயது 27. என்னவெல்லாம் கேட்பார்கள் அக்கா?

விரல் ரேகை எடுப்பார்கள். உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி வாங்குவார்கள். அப்புறம், மனு போட்டது யார், அவர் எப்போது அமெரிக்கா போனார், அங்கே என்ன செய்கிறார், உங்கள் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்ற மாதிரி கேள்விகள் வரும். எப்படிக் கேட்டாலும் அவர்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். நீங்கள் அவருடைய பிள்ளைதானா? எந்தப் பிரிவில் மனு போட்டாரோ அந்தப் பிரிவில் இன்னும் இருக்கிறீர்களா? உங்களுடையது எஃப்2பி, அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவரின் 21 வயது தாண்டிய, கல்யாணம் ஆகாத பிள்ளை.

சுற்றுலா விசா மாதிரி "திரும்பி வந்துவிடுவேன்" என்று இங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. நிலப் பத்திரத்தையும் வீட்டு வரி ரசீதையும் மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த நேரத்தில் டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்து ஒரு வரி விடாமல் படியுங்கள். பல வீடுகளில் அதை ஏஜென்ட்டோ அண்ணனோதான் நிரப்பியிருப்பார்கள். அதில் தப்பு இருந்தால், கேட்கும் வரை காத்திருக்காமல் ஜன்னலுக்குப் போனதும் நீங்களே சொல்லிவிடுங்கள். அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

சேலத்திலிருந்து: நானும் எஃப்2பி. தை மாதம் எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். நேர்காணல் அதற்கு அப்புறம்தான் வரும் போலிருக்கிறது. கோயிலில் தாலி மட்டும் கட்டிவிட்டுப் பதிவைப் பிறகு செய்துகொண்டால் பரவாயில்லையா?

வேண்டாம் அம்மா. இந்த ஒரு விஷயத்தில் வீடே சேர்ந்து தப்பான யோசனை சொல்லும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் கல்யாணமான பிள்ளைக்கு மனு போடச் சட்டத்தில் இடமே இல்லை. கழுத்தில் தாலி ஏறிய அன்றே உங்கள் மனு செத்துவிடும். பிறகு விவாகரத்து வாங்கினாலும் அது உயிர் பெறாது. பதிவு செய்யவில்லை என்பதால் கல்யாணம் இல்லை என்று ஆகாது. நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்றுதான் அமெரிக்கா பார்க்கும். நம் ஊரில் புரோகிதர்கூடத் தேவையில்லை. 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவுப்படி, உற்றார் உறவினர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். அதை வைத்துக்கொண்டு "கல்யாணம் ஆகவில்லை" என்று உறுதிமொழி எடுத்துச் சொன்னால் அது பொய். பொய் சொல்லி விசா வாங்கியது தெரிந்தால் வாழ்நாள் முழுவதும் உள்ளே விடாமல் தடுக்கலாம். பத்து வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் பழைய ஃபைலைப் பிரிப்பார்கள்.

நிச்சயதார்த்தம் செய்துகொள்வதில் தடையில்லை. கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முகூர்த்தத்தை மட்டும் தள்ளி வையுங்கள். மாப்பிள்ளை வீட்டில் காரணத்தை விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள்.

கோவையிலிருந்து: காத்திருக்கும்போதே அம்மா குடிமகள் ஆகிவிட்டார். நல்லதா, கெட்டதா?

உங்கள் மனு தானாகவே எஃப்1-க்கு, அதாவது குடிமக்களின் 21 வயது தாண்டிய, கல்யாணம் ஆகாத பிள்ளைகள் பிரிவுக்கு மாறிவிடும். அதற்குப் பிறகு கல்யாணம் செய்தாலும் மனு சாகாது, குடிமக்களின் கல்யாணமான பிள்ளைகளுக்கான எஃப்3 ஆகும். ஆனால் எஃப்3 வரிசை மிக நீளம். எந்தப் பிரிவில் எந்தத் தேதி வரை போட்ட மனுவுக்கு முறை வந்திருக்கிறது என்று சொல்ல மாதாமாதம் வரும் விசா புல்லட்டினில் எஃப்1 தேதி எஃப்2பி-யை விடப் பின்தங்கியிருந்தால், எஃப்2பி-யிலேயே இருக்க விரும்புவதாக எழுத்தில் கேட்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து: பிறப்புச் சான்றில் என் பெயரே இல்லை. அம்மா பெயர் "சரசு" என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அவர் சரஸ்வதி.

தமிழ்நாட்டு ஃபைல்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பிரசவம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் சொன்ன பெயரை எழுதிவிடுவார்கள். குழந்தைக்கு அப்போது பெயரே வைத்திருக்க மாட்டார்கள். என்னுடைய சான்றிலும் அம்மாவின் செல்லப் பெயர்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சான்றையும் அம்மாவின் பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பெயர்களின் மேலும் விரலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் அம்மா கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரமும் என் பள்ளி டிசி-யும் கையில் இருந்தன. நீட்டினேன், படித்தார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தத் தாள் இல்லையென்றால் இன்னொரு தடவை மும்பைக்கு ரயில் ஏறியிருப்பேன்.

நீங்கள் முதலில் பிறப்பைப் பதிவு செய்த நகராட்சியிலோ ஊராட்சியிலோ உங்கள் பெயரைச் சேர்க்க மனு கொடுங்கள். பதிவே இல்லை என்றால், பதிவு இல்லை என்பதற்கு அவர்களிடமே சான்று வாங்கி, அதோடு டிசி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, விவரம் தெரிந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரம் எல்லாம் சேர்த்து வையுங்கள். தமிழில் உள்ள சான்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிக் கையெழுத்தும் வேண்டும். மனு போட்டது அப்பா என்றால் அப்பா அம்மாவின் திருமணச் சான்றும் தேவை.

இன்னொன்று, இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது "முதல் பெயர் தெரியாது" என்று வரும். அங்கே போய் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதுதான் அதன் தொல்லை தெரியும். நேரம் இருந்தால் இப்போதே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள்.

நெல்லையிலிருந்து: அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், வருமானம் போதாது.

உங்களைத் தாங்கிக்கொள்வேன் என்று மனு போட்டவர் தரும் ஐ-864 உறுதிப் பத்திரத்தில், அமெரிக்க வறுமைக் கோட்டு அளவின் 125 சதவீதம் வருமானம் காட்ட வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அந்தத் தொகை கூடும். போதாவிட்டாலும் மனு போட்டவர் என்ற முறையில் அப்பா கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அவரோடு கூட்டு ஸ்பான்சர் ஒருவர் சேரலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை, அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ போதும். கையெழுத்துக் கேட்கும்போது அவரிடம் முழு விவரத்தையும் சொல்லுங்கள். நீங்கள் குடியுரிமை வாங்கும் வரை, அல்லது 40 காலாண்டு உழைத்த கணக்கு சேரும் வரை அவர் பொறுப்பு நீளும்.

தஞ்சையிலிருந்து: மூன்று வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன்.

அங்கேயும் போலீஸ் சான்று வாங்க வேண்டும். 16 வயதுக்குப் பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ வாழ்ந்த வெளிநாடு என்றால் கேட்பார்கள். இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி என்ற போலீஸ் சான்று. உள்ளூர் ஸ்டேஷன் கடிதம் செல்லாது.

வேலூரிலிருந்து: மெடிக்கல் எப்போது எடுக்கலாம்?

தேதி வந்தவுடனே, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும். எக்ஸ்-ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை முடிவுக்கு இரண்டு மாதம் ஆகலாம். தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: 221(ஜி) என்று சீட்டு கொடுத்துவிட்டார்கள். விசா போச்சா?

போகவில்லை தம்பி. ஏதோ ஒரு தாள் குறைகிறது, அல்லது இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. சீட்டில் கேட்டதை மட்டும், கேட்ட வழியிலேயே அனுப்புங்கள். ஒரு வருடத்துக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகிவிடும்.

மறுபடியும் சேலத்திலிருந்து: கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டோம் அக்கா. விசா கைக்கு வந்த மறுநாள் முகூர்த்தம் வைக்கலாமா?

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். விசா ஸ்டிக்கரோடு வேலை முடிவதில்லை. அமெரிக்க விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் நிமிடம் வரை நீங்கள் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். புறப்படும் முன் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை ஆன்லைனில் கட்டிவிட்டு, விசாவில் போட்ட தேதிக்குள் போய் இறங்குங்கள். முத்திரை விழுந்த பிறகு ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு, மாப்பிள்ளைக்கு எஃப்2ஏ என்ற, கிரீன் கார்டுக்காரரின் கணவன் மனைவிக்கான பிரிவில் நீங்களே மனு போடலாம். கையில் ஐ-130 ரசீது வந்ததும் சொல்லுங்கள், அவருடைய ஃபைலையும் சேர்ந்து பார்ப்போம்.