டெக்சாஸின் 254 கவுண்டிகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிற 254 கவுண்டிகளையும் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) ஆறு ஆண்டு வார இறுதிகளில் காரில் சுற்றி முடித்தேன். நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, நெடுஞ்சாலையில் நிற்காமல் கடந்துபோனால் அந்தக் கவுண்டி கணக்கில் சேருமா?

உங்கள் கணக்கு உங்கள் இஷ்டம். நான் சேர்க்கவில்லை. கவுண்டித் தலைநகருக்குப் போய், நீதிமன்றக் கட்டடத்தை ஒருமுறை வலம் வந்தால்தான் எனக்குக் கணக்கு. கோயிலுக்குப் போய்ப் பழகிய கால்கள்! அந்த விதி இல்லாவிட்டால் எல்லிஸ் கவுண்டியின் வாக்சஹாச்சியைத் தவறவிட்டிருப்பேன். செந்நிறக் கல்லில் 1890களில் எழுப்பிய கட்டடம். தூண்களின் உச்சியில் செதுக்கிய முகங்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி சிற்பியின் காதலை மறுக்க, அழகாகத் தொடங்கிய அவளுடைய முகத்தை அவன் போகப்போகக் கோரமாக்கினான் என்று ஊரார் சொல்கிறார்கள். கதைக்கு ஆதாரம் கிடையாது. கோரமான முகங்களை மட்டும் கண்ணாலேயே பார்த்தேன்.

ஒரு நாளில் எத்தனை முடிக்கலாம்?

வடக்கே பான்ஹேண்டில் பகுதியில் ஆறு. அங்கே பல கவுண்டிகள் ஏறக்குறைய முப்பதுக்கு முப்பது மைல் சதுரங்கள். 1876இல் சட்டமன்றம் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தவை. மேற்கே அந்த ஆட்டம் செல்லாது. புரூஸ்டர் கவுண்டி ஒன்றே கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. அதன் தலைநகரான ஆல்பைனில் பெட்ரோல் நிரப்பாமல் தெற்கே திரும்பாதீர்கள்.

ஆளே இல்லாத கவுண்டி உண்டா, சார்?

லவிங் கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் 64 பேர். அமைதியாக இருக்கும் என்று நம்பிப் போனேன். அதன் தலைநகரான மென்டோன் வரை எண்ணெய் வயல் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தேன்.

நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

மாட்டுப் பண்ணை நாடு, தங்கச்சி. மெக்சிகோ உணவகங்களில் மசித்த பீன்ஸ் கிடைக்கும். பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது மின்சார ரைஸ் குக்கரும் தயிரும்.

விசாவில் இருக்கிறேன். எல்லைப் பக்கம் போகலாமா?

தாராளமாக. ஆனால் பாஸ்போர்ட்டும் ஐ-94 தாளும் (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) கையில் இருக்கட்டும். கெனடி, புரூக்ஸ் கவுண்டிகள் வழியாக வடக்கே திரும்பும்போது எல்லைக் காவலர்களின் சோதனைச் சாவடி வரும். மெக்சிகோவுக்குள் கால் வைக்காதவர்களையும் நிறுத்துவார்கள். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, அரை நிமிடம்.

கடைசியாக எந்தக் கவுண்டி?

ராக்வால். மாநிலத்திலேயே பரப்பளவில் சிறியது. இர்விங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஆறு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்கறி வாங்கப் போன வழியில் என் மனைவிதான் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினாள்.