உறுமினால் அதட்டாதீர்கள்: நாய் வளர்ப்போர் கேள்வி பதில்

கேள்வி: மூன்று மாதக் குட்டி. கை, கால் எதையும் விட்டுவைக்காமல் கடிக்கிறது. மூக்கில் ஒரு தட்டு தட்டலாமா?

பதில்: வேண்டாம். கையைக் கண்டாலே ஒதுங்கவோ எதிர்த்துக் கடிக்கவோ கற்றுக்கொள்ளும். 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைத்து முடிய ஏறக்குறைய ஏழு மாதம் ஆகும்; அதுவரை ஈறு குறுகுறுக்கும். கையை வெடுக்கென்று இழுத்தால் அதற்கு அது விளையாட்டு. அசையாமல் வைத்துக்கொண்டு, மறு கையால் மெல்லும் பொம்மையைக் கொடுங்கள். அப்படியும் விடாவிட்டால் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய் 20 வினாடி நில்லுங்கள். சாயங்காலம் மட்டும் பேய் பிடித்த மாதிரி கடித்தால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் பையன் சோபா ஓரத்திலேயே மூத்திரம் போகிறான். திட்டினால் முகத்தைத் தொங்கப்போடுகிறான். தப்பென்று தெரிந்தே செய்கிறானா?

பதில்: இல்லை. அந்த முகம் உங்கள் குரலுக்கான பதில். நாய்களின் மனதை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தப்பே செய்யாத நாய்களும் திட்டு வாங்கியதும் அதே முகத்தைத்தான் காட்டின. அவனை அங்கே இழுப்பது பழைய வாடை. அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் வாடை கூடத்தான் செய்யும். வாடையை உண்டாக்கும் பொருளைச் சிதைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி, 10–15 நிமிடம் ஊறவிட்டு ஒற்றியெடுங்கள். நன்றாகப் பழகிய பெரிய நாய் திடீரென்று இப்படி ஆரம்பித்தால், பயிற்சியை விடுங்கள், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.

கேள்வி: சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறது. "நீதான் தலைவன்னு காட்டு, தட்டைப் பிடுங்கு" என்கிறார்கள்.

பதில்: பிடுங்கினால் அதன் பயம் நியாயம்தான் என்று நீங்களே நிரூபிக்கிறீர்கள்! அந்தத் 'தலைவன்' கதையே அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதிலிருந்து கிளம்பியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-ல் எழுதினார்.

உறுமலையும் அடக்காதீர்கள். அது எச்சரிக்கை மணி. அதட்டி நிறுத்தினால் பயம் அப்படியே இருக்கும், மணி மட்டும் போய்விடும். அடுத்த முறை நேராகக் கடிதான்.

உறுமலுக்கு முன்பே உடல் சொல்லிவிடும்: அவசர அவசரமாக விழுங்கும், தலை தட்டுக்குள் தாழும், முதுகு விறைக்கும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். இதில் ஒன்றும் வராத தூரத்தில் நில்லுங்கள், இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை, வேகவைத்த கோழிக்கறி மாதிரி, தட்டருகே எறிந்துவிட்டு உடனே திரும்பி நடந்துவிடுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்தத் திரும்பி நடப்பதில்தான். நின்று வேடிக்கை பார்த்தால் மறுபடி விறைக்கும். ஒரு வேளைக்கு நான்கைந்து தடவை போதும். உங்களைப் பார்த்ததும் தலை தூக்கி, உடல் தளர்ந்து, "அடுத்தது எங்கே?" என்று பார்க்கத் தொடங்கிய பிறகே ஓர் அடி நெருங்குங்கள். மறுபடி விறைத்தால் பழைய தூரத்துக்கே போங்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால் கதவைச் சாத்தித் தனியாகத்தான் சாப்பாடு. ஏற்கெனவே கடித்திருந்தால் நீங்களாக முயல வேண்டாம்; நாய் நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: விருந்தாளி மேல் தாவுகிறது. கண்டுகொள்ளாமல் இருங்கள் என்றார்கள். ஒரு வாரத்தில் இன்னும் மோசம்.

பதில்: இதுவரை பலித்த வித்தை பலிக்கவில்லை என்றதும், விடுவதற்கு முன் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்த நேரத்தில் ஒருவர் கொஞ்சிவிட்டால், பலமாகத் தாவினால்தான் பலன் என்று பதிந்துவிடும். வெறுமனே கண்டுகொள்ளாமல் இருப்பது பாதி வேலை. பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் காட்டுங்கள்: கதவைத் திறக்கும் முன் பெல்ட்டைப் போடுங்கள், நான்கு காலும் தரையில் இருக்கும்போதே தீனியைத் தரையில் தூவுங்கள்.

கேள்வி: தனியே விட்டுப் போனால் குரைத்துக்கொண்டே இருக்கிறது, கதவைப் பிறாண்டுகிறது. கூண்டில் அடைக்கலாமா?

பதில்: முதலில் போன் கேமராவை ஓடவிட்டுப் போங்கள். கிளம்பிய அரை மணிக்குள் மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகி, வாசலையே சுற்றினால் அது சேட்டையல்ல, பீதி. கூண்டில் அடைத்தால் பல்லும் நகமும் உடையலாம். தனியே விட்டுப் பழக்குவதை, அது கலங்காமல் இருக்கும் நேர அளவிலிருந்து தொடங்குங்கள், ஐந்து வினாடியானாலும் சரி. பயிற்சி முடியும்வரை யாராவது கூட இருப்பது நல்லது. முற்றிய பீதிக்கு மருத்துவர் தரும் மாத்திரையும் தேவைப்படலாம்.

கேள்வி: நடக்கப் போனால் பெல்ட்டை இழுக்கிறது.

பதில்: இழுத்தால் நில்லுங்கள், பெல்ட் தளர்ந்தால் நடங்கள். வீட்டில் எல்லோரும் இப்படியே செய்தால்தான் பலிக்கும்.