பருத்திக் காட்டில் எது செலவு, எது தண்டம்? வாசகர் கேள்வி-பதில்

பருத்தி வைப்பவரின் பணம் உழவு, விதை, உரம், மருந்து, எடுப்புக்கூலி என்று ஐந்து வழியில் போகிறது. எடுப்புக்கூலியைக் குறைக்கும் வித்தை யாருக்கும் தெரியவில்லை. மற்ற நான்கிலும் ஏமாற்றப்படுவதும் உண்டு, நாமே தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவதும் உண்டு. இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பி.ஜி.2 விதை வாங்கினேன். “இதில் காய்ப்புழுவே வராது” என்றார் கடைக்காரர். நூறு நாள் பயிரில் காயை உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. எனக்குக் கொடுத்தது போலி விதையா? (பெரம்பலூர் மாவட்ட வாசகர்)

பெரும்பாலும் போலி இல்லை. கடைக்காரர் சொன்னதுதான் பழைய கதை. காய்ப்புழுவைக் கொல்லும் நச்சுப்புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றியது பி.டி. பருத்தி. இந்தியாவில் அதற்கு 2002இல் அனுமதி கிடைத்தது. இரண்டு நச்சுப்புரத மரபணுக்கள் கொண்ட பி.ஜி.2 வந்தது 2006இல். பச்சைக் காய்ப்புழுவை அது இன்றும் பெருமளவு அடக்குகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ முதல் தலைமுறை பி.டி.யை குஜராத்தில் 2010 வாக்கிலேயே தாங்கிக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் பி.ஜி.2வையும் தாங்கப் பழகிவிட்டது. அசல் விதையிலும் இந்தப் புழு வரும். தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளுக்கு எந்த பி.டி.யும் எந்தக் காலத்திலும் பதில் சொன்னதில்லை.

ஆகவே விதையோடு சேர்த்து வாங்க வேண்டியது, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே பொறியைப் பல பூச்சிகளுக்கு வைக்கலாம்; உள்ளே மாட்டும் கவர்ச்சிக் குப்பிதான் பூச்சிக்குப் பூச்சி மாறும். இளஞ்சிவப்புப் புழுவுக்கு ‘காசிப்லூர்’. கத்தரிக்கோ மக்காச்சோளப் படைப்புழுவுக்கோ கடையில் மிச்சமிருக்கும் குப்பியை மாட்டிக்கொண்டு, “பொறியில் அந்துப்பூச்சியே விழவில்லை, என் காடு சுத்தம்” என்று இருந்துவிடக் கூடாது. உறையில் பூச்சியின் பெயரும் தயாரிப்புத் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் படும் மேசையில் கிடக்கும் குப்பியை வாங்காதீர்கள். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதால் மாற்றுக் குப்பிகளையும் சேர்த்தே வாங்கி, உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

நடமாட்டத்தைக் கண்காணிக்க ஏக்கருக்கு இரண்டு பொறி போதும். நாற்பத்தைந்து நாள் பயிரில், செடியின் உச்சிக்கு ஓர் அடி மேலே இருக்கும்படி கட்டுங்கள். ஒரு பொறியில் இரவுக்கு எட்டுப் பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் மருந்துக்கு நேரம் வந்துவிட்டது. பொறியே இல்லாவிட்டாலும் பார்க்கலாம்: காட்டில் பரவலாக இருபது செடியில் இருபது பச்சைக்காயைப் பறித்து உடையுங்கள். இரண்டில் புழு இருந்தால் அது பத்து சதவீதம், அடிக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கு மருந்துக் கடைப் பக்கம் போக வேண்டியதில்லை.

வழக்கு? புழு வந்தது என்பதற்காக மட்டும் போட்டால் நிற்காது. “புழுவே வராது” என்று அச்சிட்ட துண்டறிக்கை கையில் இருந்தால் அது தவறான விளம்பரம், வேறு விஷயம். அதைக் கிழித்துவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று ஏக்கரில் விதைத்தேன். பாதிக்கு மேல் முளைக்கவில்லை. கடையில் கேட்டால் “மழை சரியில்லை, ஆழமாகப் போட்டிருப்பீர்கள்” என்கிறார்கள். விவசாயி நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாதாமே? (விருதுநகர் மாவட்ட வாசகர்)

முடியாது என்று உங்களிடம் சொன்னவர் விதை விற்பவராகத்தான் இருப்பார். 2012 ஜனவரியில் தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான். 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் இருப்பதால் அவர் நுகர்வோர் மன்றத்துக்கு வரக் கூடாது என்று சொல்ல முடியாது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. “ஆய்வகத்துக்கு அனுப்ப விதை மாதிரி எங்கே?” என்று நிறுவனங்கள் கேட்பது வழக்கம். வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுகிற விவசாயி, வழக்கு வரும் என்று எதிர்பார்த்து ஒரு பிடியை எடுத்துவைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம்.

அதற்காக நீங்கள் எடுத்துவைக்காமல் இருக்க வேண்டாம். தீர்ப்பு நம் பக்கம் இருந்தாலும், விவசாயிகள் தோற்கும் வழக்குகளில் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான்: குறை விதையில்தான், மழையிலோ விதைப்பிலோ இல்லை என்று காட்டும் ஆய்வறிக்கை இல்லை. எனவே முளைக்காத காட்டைக் கோபத்தில் உடனே உழுதுவிடாதீர்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நகலைக் கடைக்கும் நிறுவனத்துக்கும் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். ஆய்வு நாளில் அவர்கள் வராவிட்டாலும் “எங்களுக்குத் தெரியாது” என்று பிறகு சொல்ல முடியாது. அதே குவியல் எண்ணில் (பையில் இருக்கும் லாட் எண்) பக்கத்துக் காட்டுக்காரரும் வாங்கி, அவருக்கும் முளைக்கவில்லை என்றால் இரண்டு பேரும் சேர்ந்தே மனு கொடுங்கள். ஒரே மழை, ஒரே மண், வேறு விதை முளைத்த காடு அருகில் இருந்தால் அதையும் அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள். “மழை சரியில்லை” என்ற வாதம் அங்கேயே படுத்துவிடும்.

காலிப் பை, அதன் அட்டை, ரசீது மூன்றும் வேண்டும். ரசீதில் உங்கள் பெயர், ரகம், குவியல் எண் இருக்க வேண்டும். வீரிய ஒட்டுப் பருத்தி விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 75 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 65. அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணும் காட்டில் ஆய்வாளர் எண்ணும் கணக்கும்தான் உங்கள் வழக்கு.

புகாரை உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். நிறுவனத்தின் ஊரைத் தேடி ஐதராபாத் போக வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதைப் பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலைதான் தீர்மானிக்கிறது, கேட்கும் இழப்பீடு அல்ல. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும். முதலில் பேசிப் பார்க்க விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த பட்டத்துக்கு ஒரு வார்த்தை: விதைப்புக்குப் பத்து நாள் முன்பே வாங்குங்கள். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் கணக்குத் தெரிந்துவிடும். மழை இறங்கிய அன்று மாலை கடைக்கு ஓடுகிறவருக்கு, கடையில் எது மிச்சமோ அதுதான் ரகம்.

கேள்வி: ஏக்கருக்கு எத்தனை பாக்கெட்? கடைக்காரர் மூன்று என்கிறார். அச்சிட்ட விலைக்கு மேலும் கேட்கிறார். (சேலம் மாவட்ட வாசகர்)

இடைவெளியைச் சொல்லுங்கள், பாக்கெட் தானாக வரும். நான்கு அடிக்கு இரண்டு அடி என்றால் ஏக்கரில் விதை ஊன்றும் குழி சுமார் 5,450. மூன்றுக்கு இரண்டு என்றால் 7,260. ஒரு பாக்கெட் 475 கிராம். நூறு பருத்தி விதை எட்டு முதல் பத்து கிராம் இருக்கும் என்பதால் ஏறக்குறைய ஐயாயிரம் விதை. குழிக்கு ஒன்று ஊன்றி, முளைக்காத இடங்களை நிரப்பக் கொஞ்சம் வைத்துக்கொண்டால் ஒன்றரையோ இரண்டோ போதும். குழிக்கு இரண்டு போட்டு ஒன்றைப் பிடுங்கி எறிவதாக இருந்தால் கடைக்காரர் கணக்கு சரி.

அந்தப் பாக்கெட்டுக்குள் ஐந்து முதல் பத்து சதவீதம் பி.டி. அல்லாத விதை வேண்டுமென்றே கலந்திருக்கும். புழு எதிர்ப்புத்திறன் பெறுவதைத் தாமதப்படுத்த அது தேவை. கலப்படம் என்று புகார் செய்யாதீர்கள்.

பி.ஜி.2 உச்ச விலையை ஆண்டுதோறும் மத்திய அரசு அறிவிக்கிறது. 2024-25க்கு 864 ரூபாய், 2025-26க்கு 901. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் குற்றம். “அந்த ரகத்துக்குத் தட்டுப்பாடு” என்பார்கள். தட்டுப்பாடு வந்தால் உச்ச விலை உயரும் என்று எந்த ஆணையிலும் இல்லை.

கேள்வி: களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி என்று ஒருவர் பைக்கில் கொண்டுவந்து விற்கிறார். வாங்கலாமா? (அரியலூர் மாவட்ட வாசகர்)

வேண்டாம். அந்தப் பருத்திக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. ரசீது தர மாட்டார். முளைக்காவிட்டால் கேட்க ஆள் இருக்காது, கேட்டாலும் நீங்களே சட்டவிரோத விதை வாங்கியதாகச் சொல்ல வேண்டிவரும். களையெடுப்புக்கு ஆள் கிடைக்காத வேதனை எனக்கும் புரிகிறது. அதை வைத்துத்தான் அவர் வியாபாரம் செய்கிறார்.

கேள்வி: தத்துப்பூச்சிக்கு என்று கேட்டேன். மூன்று மருந்தும் ஒரு டானிக்கும் எழுதி, ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொன்னார். 2,800 ரூபாய் ஆனது. பயிருக்கு இருபத்தைந்து நாள். (தருமபுரி மாவட்ட வாசகர்)

இருபத்தைந்து நாள் பயிருக்கா!

நீங்கள் வாங்கிய வீரிய ஒட்டு விதையைத் தொட்டபோது கையில் சாயம் ஒட்டியிருக்குமே. பெரும்பாலும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தில் நேர்த்தி செய்துதான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள்; பையிலேயே அச்சிட்டிருக்கும். முதல் மூன்று நான்கு வாரம் சாறு உறிஞ்சிகளை அது பார்த்துக்கொள்ளும். அதே மருந்தை அந்த வயதில் மேலேயும் தெளிப்பது காசுக்கும் நஷ்டம், பூச்சிக்கும் பழக்கம்.

மூன்று புட்டிகளையும் எடுத்து, பெரிய எழுத்து வணிகப் பெயரை விட்டுவிட்டு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படியுங்கள். இரண்டு நிறுவனங்களின் பெயரில் ஒரே மருந்து இருப்பது சாதாரணம். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், அசிட்டாமிபிரிட் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று கேட்காத பூச்சிக்கு மற்றொன்றை மாற்றி அடிப்பது அண்ணனை விட்டுத் தம்பியிடம் முறையிடுவது மாதிரி. தத்துப்பூச்சி இலைக்கு இரண்டு குஞ்சு வீதம் இருந்து, இலை ஓரம் மஞ்சளித்துக் கீழ்நோக்கிச் சுருண்டால் மட்டும் தெளிக்கலாம். அதற்கு முன் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். மூன்று மருந்தில் ஏதாவது ஒன்று பைரித்ராய்டு வகை என்றால் அதைத் திருப்பிக் கொடுங்கள். இந்த வயதில் அது நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்று வெள்ளை ஈயை அழைத்துவரும்.

கலப்பது பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். ஆள் உயரம் வளர்ந்த செடி, முகமூடி இல்லாத தெளிப்பு, கடைக்காரர் சொன்ன கலவை. லேபிளில் இல்லாத கலவையை அடித்துப் பயிர் கருகினால் நிறுவனம் பொறுப்பேற்காது. புட்டியில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அதற்குக் கீழே மஞ்சள், நீலம், பச்சை. இன்னும் திறக்காத புட்டிகளை ரசீதோடு கொண்டுபோய்க் கேட்டால் மாற்றித் தரும் கடைகள் உண்டு.

டானிக்? பூ, சப்பை (மொட்டு) உதிர்வுக்கு என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘பருத்தி பிளஸ்’ இருக்கிறது. ஏக்கருக்கு இரண்டரைக் கிலோவை 200 லிட்டர் நீரில் கரைத்து, பூக்கும்போது ஒரு முறை, காய் பிடிக்கும்போது ஒரு முறை. இருபத்தைந்தாம் நாளில் அதுவும் வேண்டாம்.

கேள்வி: யூரியா வாங்கினால் ஒரு பாட்டில் திரவ உரமும் வாங்கியாக வேண்டும் என்கிறார்கள். (மதுரை மாவட்ட வாசகர்)

வாங்க வேண்டாம். இப்படிக் கட்டாயப்படுத்துவது விதிமீறல். 45 கிலோ வேம்பு பூசிய யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. கருவியில் ரேகை வைத்தபின் வரும் ரசீதைக் கேட்டு வாங்கி, தரக்கட்டுப்பாடு வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுங்கள். பருத்திக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் தத்துப்பூச்சிதான் கொழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் ரோட்டவேட்டர் ஓட்டியே விதைக்கிறேன். செடி இடுப்பளவுக்கு மேல் போவதில்லை. உளிக்கலப்பை ஓட்டச் சொல்கிறார்கள். வாடகை அதிகமாயிற்றே? (தூத்துக்குடி மாவட்ட வாசகர்)

மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு கம்பியை மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் இறங்கி டக்கென்று நின்றால், ரோட்டவேட்டர் கீழே தட்டிவைத்த கெட்டித் தட்டு அது. பருத்தியின் ஆணிவேர் அதில் முட்டித் திரும்பிவிடும், மழைநீரும் இறங்காது. அப்படியென்றால் அந்தத் தட்டை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பைக்குச் செய்யும் செலவு நியாயமானது. அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக, மண் காய்ந்திருக்கும்போது ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் காசு வீண். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும், அந்த வாடகையை மூன்றால் வகுத்துப் பாருங்கள். கோடையில் கை நுழையும் அளவுக்குத் தானே வெடிக்கும் ஆழ்கரிசல் என்றால் அவசரமே இல்லை என்பது என் எண்ணம். அங்கே கொழுக் கலப்பையில் கோடை உழவு ஒன்று நன்றாகப் போட்டால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் சாகும். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மாவா சொன்னார்கள்.

வாடகையை ஏக்கர் கணக்கில் பேசினால் ஓட்டுநருக்கு அவசரம், ஆழம் குறையும். மணிக் கணக்கில் பேசினால் நமக்கு அவசரம். நான் மணிக் கணக்கையே சொல்வேன், கூடவே நின்று பார்க்க நேரம் இருந்தால். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதியில் பதியலாம். சீசனில் காத்திருக்க வேண்டியிருக்கும், கோடையிலேயே பதிந்துவிடுங்கள்.

கேள்வி: நெல் அறுவடைக்குப் பின் பருத்தி வைக்கிறேன். கோ 17 ரகம் வாங்கலாமா, பி.டி.யே தொடரலாமா? (திருவாரூர் மாவட்ட வாசகர்)

கோ 17 பக்கக் கிளை விரியாமல் நெட்டென்று வளரும், 130 நாள் வாக்கில் முடியும். ஜனவரி, பிப்ரவரியில் விதைத்து, சீக்கிரம் எடுத்துவிட நினைக்கும் உங்கள் பகுதிக்கு அதுதான் அதன் பெரிய கவர்ச்சி. ஒரு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி ஊன்றுவதால் ஏக்கருக்கு ஆறு கிலோ விதை வேண்டும். விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். இது ரகம், வீரிய ஒட்டு அல்ல, அடுத்த ஆண்டுக்கு உங்கள் விதையையே எடுத்துவைக்கலாம். ஆனால் பி.டி. இல்லை. பச்சைக் காய்ப்புழுவுக்கும் நீங்கள்தான் காவல், அதற்குரிய குப்பி வேறு. வாரம் இரண்டு முறை காட்டுக்குள் இறங்கிப் பார்க்க ஆள் இல்லாத வீடு என்றால் பி.டி.யே தொடருங்கள். எதை வைத்தாலும் பார் பிடித்து வடிகால் எடுத்த பிறகுதான் ஊன்ற வேண்டும். கோ 17 தான் என்று முடிவு செய்தால் டிசம்பரிலேயே வேளாண்மை விரிவாக்க மையத்தில் பெயர் கொடுத்து, கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.