வைல்டைத் தமிழில் சொல்வது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்கர் வைல்டின் பொன்மொழிகள் நாற்பதைத் தமிழாக்கி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சிரிப்பு வருகிறது, தமிழில் நீதிபோதனைபோல ஆகிவிடுகிறது. உதாரணம்: 'சபலத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என்னால் எதிர்க்க முடியும்.' எங்கே தவறுகிறேன்? 'நீ நீயாகவே இரு, மற்றவர்களின் இடமெல்லாம் ஏற்கனவே நிரம்பிவிட்டது' என்பது அவருடையதுதானா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் உதாரணத்திலேயே காரணம் இருக்கிறது. அந்த வரியில் வெடி 'சபலம்'. ஆங்கிலத்தில் அது கடைசிச் சொல், நீங்கள் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள். தமிழில் வினை இறுதிக்குப் போவதால் தானாகவே நேரும் விபத்து இது. பேசும்போது வினை முடிந்தபிறகும் ஒரு சொல்லை ஒட்டவைப்போமே, அதைச் செய்து பாருங்கள்: 'எதையும் என்னால் தவிர்த்துவிட முடியும், சபலத்தைத் தவிர.' தவிர்த்து, தவிர என்ற விளையாட்டு மூலத்தில் இல்லை. இலவசமாகக் கிடைப்பதை ஏன் விடவேண்டும்?

இன்னொன்று, இவற்றில் பெரும்பாலானவை பொன்மொழிகளே அல்ல, வசனங்கள். 1892ல் மேடையேறிய 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், சினிக் (எதிலும் நல்லதைக் காணாத ஏளனக்காரன்) என்றால் யார் என்று செசில் கிரஹாம் கேட்கிறார். டார்லிங்டன் பிரபுவின் பதில்: 'எல்லாவற்றின் விலையும் தெரிந்தவன், எதன் மதிப்பும் தெரியாதவன்.' நாம் இங்கே வெட்டிச் சட்டம்போட்டு மாட்டிவிடுகிறோம். கிரஹாமோ உடனே திருப்பிக் கொடுக்கிறார்: சென்டிமென்ட் ஆசாமி எல்லாவற்றிலும் அபத்தமான மதிப்பைக் காண்பவன், ஒன்றுக்காவது சந்தை விலை தெரியாதவன். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள், போதனை வாடை போய்விடும்.

அதே காட்சியில் டம்பி, 'தன் தவறுகளுக்கு ஒவ்வொருவரும் வைக்கும் பெயர்தான் அனுபவம்' என்கிறார். தவறே செய்யக்கூடாது என்கிறார் கிரஹாம். 'அப்புறம் வாழ்க்கை போரடிக்குமே' என்பது டம்பியின் பதில். இதையும் பாதியில் வெட்டவேண்டாம்.

உங்கள் நாற்பதில் இரட்டைகள் இருக்கலாம். நல்ல வரியை ஒருமுறையோடு விடுகிறவரல்ல வைல்ட். விலை, மதிப்பு வரியை 1890ல் வெளிவந்த 'டோரியன் கிரே' நாவலில் ஹென்றி பிரபு ஏற்கனவே சொல்லிவிட்டார். அனுபவ வரியும் அந்த நாவலில் உண்டு.

பாத்திரம் இல்லாமல் அவர் அடுக்கிய வரிகளும் உண்டு. 1894ல் 'கமீலியன்' என்ற இதழில் இளைஞர்களுக்கென்று எழுதியவை. மறுவருடம் வைல்ட் தொடுத்த அவதூறு வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்ஸன் நீதிமன்றத்தில் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து, இது உண்மையா என்று குறுக்குவிசாரணை செய்தார். நான் எழுதுவது எதையும் உண்மை என்று அபூர்வமாகத்தான் நினைப்பேன் என்றார் வைல்ட். நாடகக் கொட்டகையில் கைதட்டல் வாங்கியிருக்கும்.

'நீ நீயாகவே இரு' வரியை நீக்கிவிடுங்கள், அவர் எழுத்தில் அது இல்லை. பக்கத்தில் வருவது, 1897ல் ரெடிங் சிறையிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் உள்ளது: 'பெரும்பாலானோர் வேறு யாரோதான்.' அவர்களின் எண்ணம் அடுத்தவர் கருத்து, வாழ்க்கை போலச்செய்தல், உணர்ச்சி மேற்கோள் என்று தொடரும் அது. அங்கே அவர் சிரிக்கவைக்க எழுதவில்லை, எனவே வினையை இறுதியில் வைத்தே தமிழாக்கலாம்.