ஆய்வகத்துக்கு வெளியே ஓர் அக்டோபர்

கேள்வி: அன்புள்ள அக்கா, நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவில் இரண்டாம் ஆண்டு பிஎச்.டி. படிக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம். போன வருடம் இலையுதிர்காலம் வந்து போனதே தெரியவில்லை. வகுப்பு, விடைத்தாள் திருத்தம், ஆய்வகம் என்று ஓடி டிசம்பர் வந்துவிட்டது. நண்பர்கள் ஆப்பிள் பறிக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஊரிலிருந்து தூக்கிவந்த மிருதங்கத்தின் உறையைக் கழற்றியதே இரண்டு முறைதான். வெளியே போனாலும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று மனசு அரிக்கிறது. நேரம் ஒதுக்குவது எப்படி?

பதில்: தம்பி, அதே இத்தாக்காவில் ஆறு வருடம் இருந்தவள் நான். முதல் வருடம் ‘இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க அடுத்த சனிக்கிழமை போகலாம்’ என்று மூன்று சனிக்கிழமைகளைத் தள்ளிப்போட்டேன். நாலாவது வாரம் ஒரே ராத்திரி காற்றும் மழையும். விடிந்து பார்த்தால் என் ஜன்னலோரத்து மேப்பிள் மரம் மொட்டையாக நின்றது. இன்றைக்கும் அதை நினைத்தால் வலிக்கிறது.

ஆய்வில் இருப்பவர்களுக்கு மிச்ச நேரம் என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது. மைக்ராஸ்கோப் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே பதிவு செய்கிறோம் இல்லையா? அப்படித்தான் இதையும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கம் இலைகளின் நிறம் உச்சத்துக்கு வருவது அக்டோபர் நடுவில். செப்டம்பரிலேயே ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிடுங்கள், மழை பெய்தால் மாற்றிக்கொள்ள ஒரு ஞாயிறையும் சேர்த்து. உங்கள் வழிகாட்டியிடம் முன்கூட்டியே ‘அன்றைக்கு இருக்கமாட்டேன்’ என்று சொல்லுங்கள். அனுமதி கேட்கிற தொனி வேண்டாம், தகவலாகச் சொன்னால் போதும். அன்று பார்க்க வேண்டிய சோதனை ஏதாவது இருந்தால் ஆய்வகத் தோழர் யாரிடமாவது ஒப்படையுங்கள். அவருடைய ஒரு சனிக்கிழமையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டுப் போனால் மனசு அவ்வளவாக அரிக்காது. சொல்லாமல் போகும்போதுதான் எப்போது மெயில் வருமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கே போவது என்றால், முதலில் டாகனாக் அருவிக்குப் போங்கள். கயூகா ஏரியின் மேற்குக் கரையோடு சுமார் பத்து மைல். 215 அடி உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழுகிறது, நயாகராவைவிட உயரம். கீழ்ப்பாதை முக்கால் மைல்தான், மேடு பள்ளம் அதிகம் இல்லை. கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால் அரை நாளில் போய் வந்துவிடலாம். பட்டர்மில்க் அருவியின் பள்ளத்தாக்குப் பாதையைப் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள், அதனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். மேப்பிளின் சிவப்பைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மஞ்சள் நிறம் இலைக்குள் ஏற்கெனவே இருப்பது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் குளிரும் இருந்தால் நிறம் கூடும்.

வாரநாட்களுக்குப் பீபி ஏரி போதும். கார்னெல் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சுற்று நடந்துவிடலாம். நடையைப் பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததும் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். ‘வேலை முடிந்ததும் நடக்கலாம்’ என்கிற திட்டமெல்லாம் அந்த வாரத்தோடு நின்றுபோகும். கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிட்ட மெர்லின் செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் குரலை வைத்தே எந்தப் பறவை என்று சொல்லும். எனக்கு அதெல்லாம் இல்லாத காலம். தெற்கே போகும் கனடா வாத்துக் கூட்டத்தை நோட்டில் வாட்டர்கலரில் வரைவேன், பத்து நிமிடத்துக்கு ஒரு படம்.

அப்புறம் உங்கள் மிருதங்கம். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து தோல் இறுகிவிடும், அதனால் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். உறையைக் கழற்றி, உட்காரும் இடத்திலேயே கண்ணில் படும்படி வையுங்கள். தினமும் தொப்பிக்கு, அதாவது இடது பக்கத்துத் தோலுக்கு, ரவை பூசி உட்கார வேண்டும் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கும். அதனால் வாரநாளில் ரவை வேண்டாம், வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், மட்டும் இருபது நிமிடம் சாதகம் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரவை பூசி முழுதாக வாசிக்கலாம். ராத்திரி ஒன்பதுக்கு முன் முடிப்பதாகப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சிக்கல் வராது.

ஆப்பிள் பறிக்க இந்த முறை கூப்பிட்டால் மறுக்காதீர்கள். எம்பயர் என்ற வகை பக்கத்து ஜெனீவாவில் இருக்கும் கார்னெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1966-ல் வெளியானது. தின்ன அது நன்றாக இருக்கும். புளிப்பான வகை கிடைத்தால் ஒரு பை கூடுதலாக வாங்கி, துருவி, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம் போட்டுச் சுருள வதக்குங்கள். மாங்காய்த் தொக்குக்குப் பக்கத்தில் வரும். தேர்வு வாரத்தில் தயிர்சாதத்துக்கு நான் அதைத்தான் தொட்டுக்கொண்டேன்.