கிளாப் அடிப்பவன் எப்போது டைரக்டர் ஆவான்?

சினிமா படிக்கிற பிள்ளைகளிடமிருந்து வந்த கேள்விகள் இந்த வாரம். ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து நான்காக்கிவிட்டேன்.

விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். அடுத்து பூனா ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டா, இல்லை யாரிடமாவது அசிஸ்டென்டாகச் சேர்வதா? மணிரத்னம் எங்கேயும் படிக்கவில்லை, யாரிடமும் வேலை பார்க்கவில்லை, நேராகப் படம் எடுத்துவிடு என்கிறான் நண்பன்.
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

நண்பர் சொல்வதில் பாதி சரி. மணிரத்னம் எம்.பி.ஏ. படித்தவர், யாரிடமும் உதவியாளராக இருந்ததில்லை, 1983-இல் கன்னடத்தில் முதல் படம். ஆனால் அந்தப் படத்துக்குக் கேமரா யார்? பூனாவில் ஒளிப்பதிவு படித்துவிட்டு வந்து, அதற்குள் சொந்தமாகவும் படங்கள் இயக்கிவிட்டிருந்த பாலு மகேந்திரா. இசை இளையராஜா. அனுபவம் இல்லாதவர் படம் எடுத்தார், சரி, பக்கத்தில் யாரை நிறுத்திக்கொண்டு எடுத்தார் என்பதை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதே பாலு மகேந்திராவிடம் உதவியாளர்களாக இருந்து வந்தவர்கள்தான் பாலாவும் வெற்றிமாறனும். கார்த்திக் சுப்பராஜ் டி.வி. குறும்படப் போட்டி வழியாக வந்து 2012-இல் முதல் படம் செய்தார். ஆக, வழி எல்லாமே திறந்துதான் இருக்கிறது.

என் கருத்து: கேமரா, ஒலி, எடிட்டிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இன்ஸ்டிடியூட். அந்தக் கருவிகளை வெளியே உங்களை நம்பி யாரும் தொடவிட மாட்டார்கள். பூனாவுக்கு நுழைவுத் தேர்வு உண்டு, டிகிரியும் வேண்டும். தரமணியில் இருக்கும் அரசு திரைப்பட நிறுவனத்துக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடுங்கள். தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்டுவதாக இருந்தால், அதற்கு முன் அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் பையன் ஒருவனைத் தனியாகப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்து விசாரியுங்கள். டைரக்‌ஷன் மட்டும்தான் குறி என்றால், அசிஸ்டென்ட் வேலையும் ஒரு படிப்புதான்.

ஒரு படத்தில் ஆறு மாதமாக அசிஸ்டென்டாக இருக்கிறேன். கிளாப் அடிப்பதும் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள் எதுவும் மாறாமல் இருக்கக் குறித்து வைப்பது) எழுதுவதும்தான் வேலை. டைரக்‌ஷன் எப்போது சார் கற்றுக்கொள்வது?
(உதவி இயக்குநர், சாலிகிராமம்)

இதைத்தான் நானும் என் இருபத்து மூன்றாவது வயதில் மொட்டை மாடியில் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன் தம்பி. அப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்குள் அப்பாவும் மகனும் சண்டை போடும் காட்சி. மகன் கோபித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போவான். உள்ளே நடப்பதை சென்னையில் செட் போட்டு எடுத்துவிட்டோம், அவன் வாசலில் வந்து நிற்பதை ஒரு மாதம் கழித்து ஊரில் நிஜ வீட்டு வாசலில் எடுத்தோம். திரையில் இரண்டுக்கும் நடுவே ஒரே விநாடி. சட்டை அதே சட்டை, வாட்ச் அதே வாட்ச், எல்லாம் நோட்டில் இருந்தது. முழங்கை வரை மடித்திருந்த சட்டைக் கையை மட்டும் நான் எழுதவில்லை. வாசலில் நடிகர் சட்டைக் கையை இறக்கி பட்டன் போட்டுக்கொண்டு நின்றார், நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எடிட்டிங் டேபிளில் தெரிந்தது. திரும்ப எடுக்கப் பணம் இல்லை. நடிகர் வாசலுக்கு வந்து நிற்கிற அந்த நல்ல ஷாட்டைத் தூக்கிவிட்டு, மூடிய கதவையே வைத்துச் சமாளித்தார்கள். இயக்குநர் திட்டவே இல்லை, அதுதான் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் பார்க்க ஆரம்பித்தேன். கன்டினியூட்டி எழுதுகிறவன் ஒருவன்தான் ஒவ்வொரு ஷாட்டையும் முழுசாகப் பார்த்தே ஆக வேண்டிய ஆள். எந்த வரியில் நடிகர் டம்ளரைக் கீழே வைத்தார், எந்த டேக்கை இயக்குநர் ஓகே பண்ணினார், அதற்கு முந்தையதில் என்ன குறை. இதைத் தினமும் எழுதிக்கொண்டே, ராத்திரி ரூமில் "ஏன் மூன்றாவதை விட்டு ஐந்தாவதை எடுத்தார்" என்று பத்து நிமிடம் யோசித்துப் பாருங்கள். டைரக்‌ஷன் கிளாஸ் அதுதான், ஃபீஸ் கூடக் கிடையாது.

கிளாப்பும் அப்படித்தான். படமும் ஒலியும் தனித்தனிக் கருவியில் பதிவாகும்போது, கட்டை மூடுகிற ஃபிரேமையும் அந்த 'டக்' சத்தத்தையும் வைத்துத்தான் இரண்டையும் பொருத்துவார்கள். நீங்கள் கட்டையில் ஷாட் நம்பரைத் தப்பாக எழுதினால் எடிட்டரின் உதவியாளர் ஒருவர் எங்கோ உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார். ஃபிலிம் இருந்த காலத்தில் 400 அடி ரோல் ஒன்று நாலரை நிமிடம்கூட ஓடாது, அதனால் எல்லோருமே விறைப்பாக இருந்தோம். இப்போது மெமரி கார்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, யாருக்கும் கட் சொல்லக்கூட மனசு வருவதில்லை. ஷூட்டிங் முடிந்தது என்று சொன்னதும் கிளம்பிவிடாமல், அன்றைய ஃபுட்டேஜ் இரண்டு இடத்திலாவது காப்பி ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் வேலை இல்லைதான், கேட்டால் குறைந்துவிட மாட்டீர்கள்.

ஒன்று மட்டும். பேட்டாவைக் கேட்டு வாங்குங்கள். "சம்பளம் கேட்கிறவனுக்கு சினிமா மேல ஆர்வம் இல்லை" என்று சொல்கிற புரொடக்‌ஷன் மேனேஜர் தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

கோவையில் சினிமா படிக்கிறேன். இன்டர்ன்ஷிப்புக்குப் போன இடத்தில் ஒரு சீனியர் தேவையில்லாமல் ராத்திரி மெசேஜ் அனுப்புகிறார். சொன்னால் "ஃபீல்டுன்னா அப்படித்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார்கள். சம்பளமும் இல்லாததால் எங்கே போய்ப் புகார் சொல்வது?
(மாணவி)

அட்ஜஸ்ட் பண்ணாதீர்கள் அம்மா. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்காத பயிற்சியாளர்களையும் ஊழியராகவே கணக்கில் எடுக்கிறது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். கல்லூரியிலும் எழுத்தில் கொடுங்கள், அனுப்பி வைத்தவர்கள் அவர்கள்தானே. "ஃபீல்டுன்னா அப்படித்தான்" என்பவர்களிடம் மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி 2024-இல் வெளியான கேரளத்து ஹேமா கமிட்டி அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள். 'அப்படித்தான்' என்று சொல்லிச் சொல்லியே அந்த நிலைமைக்கு வந்தது.

கதையைத் தயாரிப்பாளரிடம் சொன்னால் திருடிவிடுவார்களோ என்று பயம். அதனால் இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.
(வாசகர், மதுரை)

எழுதி முடித்துவிட்டீர்களா? முடிக்கவில்லை என்றால் திருட அங்கே ஒன்றும் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள். முடித்திருந்தால் காப்பிரைட் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள், ஆன்லைனிலேயே முடியும். கதை சொல்லப் போன தேதியும் யாரைப் பார்த்தீர்கள் என்பதும் ஒரு மெயிலில் இருக்கட்டும், "இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சார்" என்று ஒரு வரி அனுப்பினாலே போதும். அப்புறம், சொல்லும்போது முப்பது நிமிடத்துக்குள் முடியுங்கள். இரண்டரை மணி நேரம் கதை சொல்லி, எதிரே இருந்தவர் தூங்கிப்போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். சொல்லிக்கொண்டிருந்ததும் நான்தான்.